வலது பக்கத்துச் சீட்டு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
8.10.2006

அன்பு மகள் ஏஸ்தெலுக்கு,

பெற்றவன் அல்ல, பெற்றவனைவிட அதிகமாகக் கத்தி வளர்த்தவனாகிய உன் மாமா லொரான் எழுதிக்கொண்டது. இங்கே நான் இடது முழங்கால் நீங்கலாக நலம். உன் அத்தை வாய் உட்பட நலம். வாசலில் நிற்கிற நம் கார் வழக்கம்போல் நலமில்லை. அங்கே நீ எப்படி, இருமல் போச்சா? போகலைன்னா அத்தை அனுப்பின மிளகுப் பொடி டப்பாவை நீ இன்னும் திறக்கவே இல்லைன்னு அர்த்தம், அதை அவகிட்ட நான் சொல்லல, நீயும் சொல்லிடாத. இதெல்லாம் போன்லயே பேசியிருக்கலாம். ஆனா போன்ல நீ அழுவ, நான் கத்துவேன், அத்தை நடுவுல வந்து ரிசீவரைப் புடுங்கி இன்னிக்கு என்ன கொழம்புன்னு கேப்பா, கார்டுல இருக்கிற நிமிஷம் பூரா அந்தக் கொழம்புலயே கரைஞ்சிடும். அதனாலதான் மேசை போட்டு, மூக்குக் கண்ணாடி மாட்டி, ராஜாங்க ஓலை மாதிரி எழுதறேன். நீயும் உக்காந்து படி, பஸ்ஸுல நின்னுக்கிட்டு படிக்காத.

உன் கடிதம் போன மாசக் கடைசி புதன்கிழமை வந்துச்சி. மூணு தடவை படிச்சேன். பிரான்ஸ்ல கிராமம் கிராமமா வீட்டுக்கே போயி வயசானவங்களுக்கு ஊசி போட்டு புண்ணுக்குக் கட்டு மாத்தற அந்த வேலை உனக்கு எவ்ளோ புடிச்சிருக்குதுன்னு எனக்குத் தெரியும், போன வருஷம் முழுக்க அந்தக் கெழவிங்க பேரையும் அவங்க வளக்கற பூனைங்க பேரையும் எழுதியே ரெண்டு கட்டு காகிதம் தீத்தவ நீ. இப்ப அந்த வேலைக்கே வேட்டு, வருஷக் கடைசிக்குள்ள பெர்மி, அதான் டிரைவிங் லைசென்ஸ், கையில இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்னு உன் மேலாளர் அம்மா சொல்லிட்டாங்களாம். பஸ் போகாத ஊருக்கெல்லாம் கார் ஓட்டிக்கிட்டுதான் போகணும், அது நியாயம்தான். ஆனா டிரைவிங் பரீட்சையில ரெண்டு தடவை தோத்துட்டேன், நவம்பர் பதினாலாம் தேதி குடுத்திருக்கிற மூணாவது தேதியை ரத்து பண்ணிடப் போறேன்னு எழுதியிருக்கியே, அதுதான் எனக்கு நெஞ்சுல முள்ளு. ரெண்டு தடவையும் ரவுண்டானாவுக்கு முன்னாடி வண்டியை நிறுத்தினியாம், வழி காலியா இருந்துச்சாம், ஆனா நீ நகரலியாம், பின்னாடி ஹாரன் அடிச்சாங்களாம், பக்கத்துல உக்காந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை பேசாம காகிதத்துல எழுதிக்கிட்டாராம். அதுக்கப்புறம், எனக்குத் தைரியம் இல்ல மாமா, அவ்ளோதான்னு ஒரு வரி. அந்த ஒரு வரியை நான் ஏத்துக்கல. தபால்காரரைக் கூப்பிட்டு இதைத் திருப்பி எடுத்துட்டுப் போங்கன்னேன், பிரிச்ச கடிதத்தைத் திரும்ப எடுக்க சட்டத்துல இடமில்லையாம்.

அது இருக்கட்டும். ஊர் சமாச்சாரம் சொல்றேன், அதுல உன் சமாச்சாரமும் வரும். போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி பாவாடையோட ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பாவாடையை மறந்திருக்க மாட்ட, நம்ம காருக்கு இருபது வருஷமா வைத்தியம் பாக்கற மெக்கானிக். நம்ம வண்டிக்கு செல்ஃப் எடுக்கல, காலையில நாலு பேரு தள்ளிக்கிட்டுதான் போனாங்க, நான் உள்ள உக்காந்து பல்லக்குல போற மாதிரி கை அசைச்சேன். அங்க போனா உன் அத்தையோட அண்ணன் ஜில்பேர் உக்காந்திருக்காரு, கூடவே அன்வர் பாய், கோணிக் கடை அன்வருதீன். என் மச்சான் ஜில்பேர் பிரெஞ்சுப் பட்டாளத்துல பதினெட்டு வருஷம் இருந்துட்டு பென்ஷனோட உப்பளத்து வீட்டுல உக்காந்திருக்கிற மாவீரர்னு உனக்குத் தெரியும், பட்டாளத்துல அவர் என்ன செய்தார்னு கேட்டா மட்டும் பேச்சை மாத்திடுவார், உருளைக்கெழங்கு உரிச்சதா ஒரு வதந்தி. அவர்தான் ஆரம்பிச்சார், புதுச்சேரியிலயே நல்ல கார் யாருது, மோசமான கார் யாருதுன்னு இன்னிக்குத் தீர்ப்பு சொல்லிடணும்னு. தீர்ப்பு சொல்ல மூணு பேரு, மூணு பேருக்கும் சொந்தக் கார், இதைவிட நேர்மையான கோர்ட்டு உலகத்துல எங்கயும் கெடையாது.

ஜில்பேர் ரெண்டு வருஷம் முன்னாடி புதுசா ஒரு வெள்ளிக் கலர் கார் வாங்கினார் இல்ல, அதுக்கு இன்னிக்கு வரைக்கும் சீட்டு மேல போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைக் கழட்டல. வெயில் காலத்துல அதுல உக்காந்து எழுந்தா முதுகுத் தோல்ல பாதி சீட்டுக்குச் சொந்தம். வண்டி மேல ஒரு துணி, துணி மேல ஒரு தார்ப்பாய், தார்ப்பாய் மேல கடுகு அளவு தூசி விழுந்தாகூட மனுஷனுக்குத் தூக்கம் வராது. மழை வந்தா குடை எடுத்துக்கிட்டு ஓடிப்போயி வண்டிக்குப் புடிச்சிக்கிட்டு தான் நனைஞ்சிக்கிட்டு நிப்பார், நான் இந்தக் கண்ணால பாத்தேன். ரெண்டு வருஷத்துல அது ஓடின தூரம் நம்ம வீட்டுக் கோழி ஓடின தூரத்தைவிடக் கம்மி. வருஷத்துல ஒரே ஒரு நாள், ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாள், மெடல் எல்லாம் குத்திக்கிட்டு போர் நினைவுச் சின்னத்துக்குப் போக வெளிய எடுப்பார், அன்னிக்கும் பாதி வழியில எறங்கித் தொடைப்பார். ரிவர்ஸ் எடுத்தா அது ஒரு பாட்டு பாடும், பக்கத்து வீட்டுக் கொழந்தைங்க தொட்டில்ல அழ ஆரம்பிக்கும். இதுதான் அவர் கணக்குப்படி உலகத்திலேயே உத்தமமான கார். ஓட்டாத காரு கெட்டுப்போகாது, பேசாத வாய் பொய் சொல்லாதுங்கிற மாதிரி.

அன்வர் பாய் விடுவாரா. அவர்கிட்ட ஏழு பேர் உக்கார்ற டீசல் வண்டி, அதுல பதினாலு பேரும் ரெண்டு பிரியாணி அண்டாவும் நாகூருக்குப் போயிட்டு வந்ததுக்கு சாட்சி இருக்குது. ஆனா அவருக்கு அதுல பெருமை இல்ல, பெருமையெல்லாம் மைலேஜுல. பெடலுக்கு வலிக்கக் கூடாதுன்னு செருப்பைக் கழட்டிட்டு வெறுங்கால்ல ஓட்டற ஒரே மனுஷன் அவர்தான். அரியாங்குப்பம் பாலத்து மேல ஏறினதும் எஞ்சினை அணைச்சிடுவார், எறக்கத்துல சும்மா உருண்டு வரணுமாம், பின்னாடி வர்ற பஸ்ஸுக்காரன் அவரோட ஏழு தலைமுறையையும் வாழ்த்திக்கிட்டே வருவான். அவர் கூட கடலூருக்குப் போறதும் நடந்து போறதும் ஒண்ணு, நடந்தாலாவது நடுவுல டீ குடிக்கலாம். இதை நான் எடுத்துச் சொன்னதும் பாய் தாடியைத் தடவிக்கிட்டு, லொரான் முசியே, உங்க வண்டி பெட்ரோல் குடிக்கிறது இல்ல, பெட்ரோல் பங்க்கையே குடிக்குதுன்னார். அவ்ளோதான், ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பிட்டாங்க.

நம்ம கார் சரித்திரம் உனக்குத் தெரியாததா. உன் அப்பா அதைக் கப்பல்ல ஏத்தி மெட்ராஸ் துறைமுகத்துல எறக்கினப்போ அது பிரான்ஸ்லேந்து வந்த சீமாட்டி, தயிர் கலரு, ஸ்டியரிங் இடது பக்கம், அத்தை அதுக்கு மதாம்னு பேரு வச்சா. உன் அம்மா, என் தங்கச்சி ஏலிஸ், காலமான மறு வருஷம் உன் அப்பா மறுபடி பட்டாளத்துக்குப் போறப்போ உன்னையும் மதாமையும் ஒரே நாள்ல என்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போனார். இன்னிக்கு வரைக்கும் ரெண்டையும் திரும்பக் கேக்கல, கேட்டாலும் நான் குடுக்கறதா இல்ல. அன்னிக்கு வந்த சீமாட்டியோட உடம்புல இன்னிக்கு மிச்சம் இருக்கிற பிரான்ஸ் அந்த மேக்கூரை மட்டும்தான். சாமான் கெடைக்காம பாவாடை அதுக்கு டிராக்டர் ரேடியேட்டர் வச்சி, ஆட்டோ ஹாரன் வச்சி, யாரோ இடிச்ச பழைய வீட்டு ஜன்னல் கொக்கியைக் கதவுக்கு வச்சி, உள்ளுறுப்பு பூரா முத்தியால்பேட்டை ஆக்கிட்டான். வைப்பர் மழை நின்னப்புறம்தான் வேலை செய்யும். எடது கதவைத் தெறந்தா வலது கதவு பயந்து தானா தெறந்துக்கும். தீர்ப்பு ஏகமனதா முடிஞ்சிது, புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நாலு ஊருலயும் சேத்து மோசமான கார் லொரானோட கார். ஜில்பேர் எழுந்து நின்னு சல்யூட் வேற அடிச்சார். எனக்கு அவமானமா இல்ல, இருபத்திரண்டு வருஷமா எனக்கும் அதே கருத்துதான், அடுத்தவன் வாயால கேக்கறதுதான் கசப்பு.

அப்பதான் பாவாடை வண்டிக்கு அடியிலேந்து தலையை நீட்டினான். கையில ஸ்பானர், மூஞ்சி பூரா கிரீஸ். அவன் சொன்னதை அப்படியே எழுதறேன். "அப்படிச் சொல்லாதீங்க முசியே. பாப்பா இருந்த வரைக்கும் கடலூர் ரோட்டுல இந்த வண்டியை முந்தினவன் கெடையாது. வண்டி கெட்டுப் போவல, வண்டியோட கண்ணுதான் பிரான்ஸுக்குப் போயிடுச்சி." ஜில்பேர்கூட சல்யூட் அடிச்ச கையைக் கீழ எறக்கிட்டார்.

உண்மைதானே. நம்ம ஊர் ரோட்டுல இடது பக்கம் போறோம், ஸ்டியரிங்கும் இடது பக்கம்னா ஓட்டறவனுக்கு முன்னாடி போற லாரியோட முதுகைத் தவிர ஒண்ணும் தெரியாது, எதிர்ல எமன் வர்றானா எருமை வருதான்னு பாக்க வலது பக்கம் உக்காந்தவங்கதான் சொல்லணும். உனக்கு எட்டு வயசு, தலையணை போட்டு உக்கார வச்சேன், எட்டிப் பாத்துட்டு "இரு" இல்லன்னா "போலாம்", ரெண்டே வார்த்தை. காந்தி வீதி முனையில சிவப்புத் தொப்பி போலீஸ்காரர், டிரைவர் இருக்க வேண்டிய எடத்துல ரெட்டை ஜடை போட்ட ஒரு பொண்ணு கைகட்டிக்கிட்டு காரோட போறதைப் பாத்து விசிலை முழுங்கினதும், உன் பக்கத்து ஜன்னல்ல வந்து லைசென்ஸ் கேட்டதும், நீ ரொம்ப மரியாதையா மாமாகிட்ட இருக்குதுன்னு சொன்னதும் இன்னிக்கும் ஊர்ல பேச்சு. எட்டு வயசுலேந்து இருபத்தோரு வயசு வரைக்கும், பதிமூணு வருஷம். நீ பிரான்ஸுக்குப் போனப்புறம் அந்தச் சீட்டுல நான் உக்கார வைக்காத ஆளில்ல. உன் அத்தை கடலூர் ரோடு வந்ததும் கண்ணை மூடி ஜெபமாலை உருட்ட ஆரம்பிச்சிடுவா, போலாமான்னு கேட்டா ஆண்டவர் சித்தம்னு பதில் வரும். ஜில்பேர் பட்டாள ரிப்போர்ட்டு குடுப்பார், எதிரே ஒரு லாரி, நிறம் பச்சை, தூரம் சுமார் முந்நூறு மீட்டர்னு அவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்த லாரி திண்டிவனம் போயி திரும்பி வந்துடும். அன்வர் பாய் எப்பவும் இருங்கதான், முந்தினா பெட்ரோல் செலவாம். பாவாடை எப்பவும் போங்கதான், அடிபட்டா ரிப்பேர் யாருக்கு வரும்னு யோசிச்சிப் பாரு. அதனால ஆறு வருஷமா நான் யாரையும் முந்தறதில்ல. தவளக்குப்பத்துல ஒரு கரும்பு மாட்டு வண்டி முன்னாடி வந்துட்டா ரெட்டிச்சாவடி வரைக்கும் அதுக்குப் பின்னாடியேதான் போறேன், மாட்டோட வால் எனக்கு மனப்பாடம்.

பாவாடை சொன்னதைக் கேட்டப்புறம் எல்லாரும் டீக்குப் போயிட்டாங்க, நான் மட்டும் மதாமுக்குள்ள போயி உன் சீட்டுல உக்காந்தேன். சட்டைப் பையில உன் கடிதம். சும்மா இல்லாம முன்னாடி டேஷ்போர்டுல இருக்கிற டப்பாவோட மூடியைத் தெறந்தா, உள்பக்கம் பேனாவுல கோடு கோடா இருக்குது. நீ கிறுக்கினதுதான். மேல பஸ், லாரி, டிராக்டர்னு தலைப்பு, கீழ அஞ்சு அஞ்சா கோடு, நாம முந்தினதெல்லாம். ஓரத்துல தனியா ஜில்பேர் பெரியப்பான்னு போட்டு நாலு கோடு, அவரோட பழைய ஸ்கூட்டரை முந்தினது. அதுக்குக் கீழ 'இரு'ன்னு இன்னொரு தலைப்பு, அங்கதான் கோடு நெறைய. கிருமாம்பாக்கத்துகிட்ட நான் அவசரப்பட்டு வெளிய எடுக்கப் போனப்போ "இரு மாமா"ன்னு என் முழங்கையைப் புடிச்சியே, புளியமரத்து வளைவுலேந்து பஸ் ஒண்ணு ராட்சசன் மாதிரி வந்து நம்ம கண்ணாடியை உரசிட்டுப் போச்சே, அன்னிக்கு உனக்குப் பதினோரு வயசு. அந்தக் கோடு மட்டும் மத்ததைவிட அழுத்தமா இருக்குது, மூடியில பள்ளமே விழுந்திருக்குது. இப்படிக் கோடு போட்டவளுக்கு தைரியம் இல்லையாம், பிரான்ஸ்லேந்து கடிதம் போடறா.

அங்க உக்காந்துதான் எனக்குப் புத்தி வந்துச்சி. பரீட்சை வண்டியில நீ இடது பக்கம், ஸ்டியரிங் உன் கையில. இன்ஸ்பெக்டர் வலது பக்கம். அப்படியே நம்ம மதாம். நீ மாமா சீட்டுல உக்காந்துட்டு, உன் சீட்டுல இருக்கறவர் போலாம்னு சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருக்க. அந்த மனுஷன் பாவம், அவருக்கு எப்படித் தெரியும், புதுச்சேரியில அந்தச் சீட்டுல உக்கார்றவங்க வாயைத் தெறக்கணும்னு அவருக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க. இதுல தப்பு என்னுது. இதை எழுதி வச்சிக்கோ, என் ஆயுசுல இப்படி ஒரு வரியை இன்னொரு தடவை எழுத மாட்டேன், அத்தைகிட்டயும் காட்டாத. உனக்குப் பதினெட்டு வயசுல உப்பளம் மைதானத்துல ஓட்டக் கத்துக் குடுத்தப்போ நான்தான் வலது பக்கம் உக்காந்துக்கிட்டு, இரு, போலாம், இரு, போலாம்னு தொண்டை கட்டற வரைக்கும் கத்தினேன், உன்னை ஒரு தடவைகூட நீயே பாத்துப் போன்னு விடல. எனக்குக் கண்ணா இருந்தவளை என் சத்தத்தைக் கேக்கற வெறும் காதா ஆக்கிட்டேன்.

ஆனா ஒண்ணு கவனி. எனக்கு ஆள் வேணும்னா அது மதாமோட கோளாறு, தப்பான ரோட்டுக்கு வந்த ஸ்டியரிங். அங்க ரோடு வலது பக்கம் போகுது, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குது, எதிர்ல வர்றது எல்லாம் உக்காந்த எடத்துலேந்தே தெரியும், ரவுண்டானாவுல வர்றவனும் உன் பக்கத்துலேந்துதான் வருவான். நீ பாக்கறதை வேற யாரும் உனக்கு முன்னாடி பாக்க முடியாது. உனக்கு ஆள் வேணாம்டி. அந்த வண்டியில ஓட்டறவளும் நீதான், கண்ணும் நீதான். பதினாலாம் தேதி போயி உக்காரு, ரவுண்டானா வந்தா நில்லு, எட்டு வயசுல பாத்த மாதிரி பாரு, வழி இல்லன்னா இருன்னு நீயே சொல்லு, இன்ஸ்பெக்டர் என்ன எழுதினாலும் எழுதட்டும். வழி இருந்தா போலாம்னு நீயே சொல்லு, வாய்விட்டு, தமிழ்லயே சொல்லு, அவர் திரும்பிப் பாத்தா பாக்கட்டும். நீ சொன்ன அந்த வார்த்தையை நம்பி ஒண்ணும் தெரியாத குருடன் மாதிரி பதிமூணு வருஷம் ஓட்டினவன் இன்னிக்கு கை கால் முழுசா உக்காந்து உனக்குக் கடிதம் எழுதறான். உன் கண்ணுக்கு இதைவிட வேற என்ன சர்ட்டிபிகேட்டு வேணும்?

பாஸானா உடனே போன் பண்ணு, அன்னிக்கு மட்டும் கொழம்பைப் பத்திப் பேச அத்தைக்குத் தடை. தோத்தாலும் பண்ணு, நான் கத்த மாட்டேன், கொஞ்சம்தான் கத்துவேன். ஆனா தேதியை ரத்து பண்ணாத. அங்க குளிர் ஆரம்பிச்சிருக்கும், காதை மூடிக்கோ, மிளகுப் பொடி டப்பாவைத் தெற. சீக்கிரம் போயி உன் கெழவிங்களுக்குக் கட்டு மாத்து, அவங்க பூனைங்களைக் கேட்டதா சொல்லு. மாதா துணையிருக்கட்டும், உன் அம்மா மேலேந்து பாத்துக்குவா, நாங்க ரெண்டு பேரும் இங்கேந்து உன் நெத்தியில செலுவ போடறோம். டிசம்பர்ல நீ வரும்போது மதாமுக்கு செல்ஃப் எடுக்க வச்சிடறேன்னு பாவாடை சத்தியம் பண்ணியிருக்கான். இடது பக்கம் நீ உக்காரு, வலது பக்கம் நான், வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு கண்ணை மட்டும் தெறந்து வைக்கிறேன், போலாமான்னு நீ கேட்டா தலையை ஆட்டுவேன், அதுக்கு மேல என்கிட்டேந்து ஒரு சத்தம் வராது. தவளக்குப்பத்துல ஒரு கரும்பு மாட்டு வண்டி ஆறு வருஷமா என் முன்னாடி போய்க்கிட்டு இருக்குது, அதை நாம முந்தணும்.

உன் வாய்ச்சொல்லை நம்பிப் பதிமூணு வருஷம் முந்தினவனும், நீ போனதிலிருந்து மாட்டு வாலுக்குப் பின்னாடி போறவனுமாகிய
உன் அன்பு மாமா,
லொரான்